டீபக்கரைத் தடுக்கும் லினக்ஸ்: அந்தப் பூட்டு யாருக்காக?

பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவர் சில வாரங்களுக்கு முன் நம்மிடம் ஒரு சந்தேகம் கேட்டார். சி மொழியில் அவர் எழுதிய நிரல் ஒன்று பத்து நிமிடம் ஓடிய பிறகு அப்படியே நின்றுவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை, தானாக மூடிக்கொள்வதும் இல்லை. எந்த வரியில் நிற்கிறது என்று பார்ப்பதற்காக ஜிடிபி என்ற டீபக்கரை அதனோடு இணைக்க முயன்றிருக்கிறார். உபுண்டு அனுமதி மறுத்துவிட்டது. "நிரல் என்னுடையது, லேப்டாப் என்னுடையது, லாகின் செய்திருப்பதும் நான்தான். பிறகு நான் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?" என்பது அவருடைய கேள்வி.

நம்மிடம் கேட்பதற்கு முன்பே இணையத்தில் தேடி அவர் ஒரு தீர்வையும் கண்டுபிடித்துவிட்டார். ஒரு கோப்பில் 1 என்று இருப்பதை 0 என்று மாற்ற வேண்டும், அவ்வளவுதான். மாற்றினார், டீபக்கர் இணைந்தது. ஒவ்வொரு முறையும் மாற்றுவது சிரமம் என்று, லேப்டாப்பைத் திறக்கும்போதெல்லாம் அது 0 ஆகவே இருக்கும்படி நிரந்தரமாக எழுதியும் வைத்துவிட்டார். அதே லேப்டாப்பில், அதே லாகினில்தான் அவருடைய தந்தை வங்கிக் கணக்கைப் பார்க்கிறார். வெளியூர் சர்வர் ஒன்றில் நுழைவதற்கான சாவியும் அதில்தான் இருக்கிறது.

அந்த ஒற்றை எண் எதைப் பூட்டி வைத்திருந்தது? அதை விளக்குவதற்குத்தான் இந்தக் கட்டுரை.

ஓடிக்கொண்டிருக்கும் நிரலை லினக்ஸ் உலகில் ப்ராசஸ் என்பார்கள். ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனக்கென்று நினைவகம் உண்டு. ப்ரவுசர் தன் நினைவகத்தில் வைத்திருப்பதைப் பக்கத்தில் ஓடும் பாட்டுப் பெட்டி எட்டிப் பார்க்க முடியாது. இயங்குதளத்தின் மையமான கர்னல் இரண்டுக்கும் நடுவே சுவர் எழுப்பி வைத்திருக்கிறது.

இந்தச் சுவருக்கு விதிவிலக்கு டீபக்கர். இன்னொரு நிரலுக்குள் என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பதே அதன் வேலை என்பதால் சுவரைத் தாண்டிப் போக அதற்கு வழி தேவை. அந்த வழியின் பெயர் பிட்ரேஸ். 1970களின் நடுவில் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பிலேயே இது இருந்தது. லினக்ஸும் அதையே எடுத்துக்கொண்டது. ஜிடிபி மட்டுமல்ல, ஒரு நிரல் கர்னலிடம் என்னென்ன கேட்கிறது என்று வரிசையாகக் காட்டும் எஸ்ட்ரேஸ் என்ற கருவியும் இதன் மேல்தான் நிற்கிறது.

பிட்ரேஸ் தரும் அதிகாரம் சாதாரணமானதல்ல. ஓடும் ப்ராசஸை நடுவழியில் நிறுத்தலாம். அதன் நினைவகம் முழுவதையும் படிக்கலாம். படிப்பது மட்டுமா, அங்கே இருப்பதை அழித்து வேறு எழுதலாம். அடுத்து எந்தக் கட்டளையைச் செய்ய வேண்டும் என்பதையே மாற்றி, அந்த ப்ராசஸ் ஒருபோதும் செய்ய நினைக்காத காரியத்தை அதன் கையாலேயே செய்ய வைக்கலாம். மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்து வயிற்றைத் திறக்கும் அறுவை சிகிச்சை மருத்துவருக்கு இருக்கும் அதிகாரம் அது. கத்தி அவர் கையில் இருக்கும்வரை நமக்குப் பயமில்லை.

அந்தக் கத்தியை யார் கையில் எடுக்கலாம் என்பதற்கு யூனிக்ஸில் இருந்த பழைய விதி மிக எளிமையானது. இரண்டு ப்ராசஸ்களும் ஒரே பயனருக்குச் சொந்தமானவை என்றால் ஒன்று மற்றொன்றைத் திறந்து பார்க்கலாம். வேறு பயனருடையது என்றால் கூடாது. நிர்வாகியான ரூட் மட்டும் யாருடையதை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அந்தக் காலத்துக்கு இந்த விதி போதுமானதாக இருந்தது. பல்கலைக்கழகத்தில் ஒரே பெரிய கணினியை ஐம்பது பேர் பகிர்ந்துகொள்வார்கள். பயம் என்பது பக்கத்து இருக்கைக்காரரைப் பற்றியதுதான். தன் நிரலே தனக்கு எதிராகத் திரும்பும் என்று யாரும் நினைக்கவில்லை. நிரல்களில் பெரும்பாலானவை அவரவரே எழுதியவை, அல்லது நிர்வாகி நிறுவித் தந்தவை.

இப்போது நம் வீட்டு லேப்டாப்பை எண்ணிப் பாருங்கள். பயனர் ஒருவர்தான். ப்ரவுசர், அரட்டை மென்பொருள், பிடிஎஃப் பார்க்கும் மென்பொருள், எங்கிருந்தோ இறக்கிய விளையாட்டு, கடவுச்சொற்களைச் சேர்த்து வைக்கும் மென்பொருள் எல்லாம் அந்த ஒருவரின் பெயரில்தான் ஓடுகின்றன. பழைய விதிப்படி இவை அத்தனையும் ஒன்றையொன்று திறந்து பார்க்கலாம். வாசலில் கனமான பூட்டுப் போட்டுவிட்டு, உள்ளே எந்த அறைக்கும் கதவே வைக்காத வீடு போன்றது இது. குடும்பத்தார் மட்டும் இருக்கும்வரை கவலையில்லை. விருந்தாளியாக வந்த ஒருவன் திருடனாக இருந்தால், அவன் கூடத்தில் உட்கார்ந்துகொண்டே பீரோ இருக்கும் அறைக்குள் போய்விட முடியும்.

அரட்டை மென்பொருளில் ஒரு ஓட்டை, அதன் வழியாக ஒருவன் நுழைந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு அரட்டைகள் பெரிதில்லை. பிட்ரேஸ் வழியாகப் பக்கத்தில் ஓடும் ப்ரவுசருக்குள் புகுந்து, நாம் தட்டச்சு செய்த கடவுச்சொல்லை நினைவகத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். கடவுச்சொல் பெட்டகத்தை நாம் திறந்து வைத்திருக்கும் நேரம் பார்த்து அதன் உள்ளடக்கத்தை அள்ளலாம். நம்மை ஏமாற்றிப் போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லைப் போட வைக்கும் சிரமம்கூட அவனுக்கு இல்லை.

இதெல்லாம் கற்பனை என்று சிலர் நினைக்கலாம். 2005இல் அமெரிக்காவில் நடந்த பிளாக் ஹாட் மாநாட்டில் ஆடம் பாய்லோ என்ற நியூசிலாந்து ஆய்வாளர் இதைச் செய்தே காட்டினார். தொலைவிலுள்ள சர்வர்களோடு பாதுகாப்பாகப் பேசுவதற்கு நிர்வாகிகள் பயன்படுத்துவது எஸ்எஸ்ஹெச் என்ற இணைப்பு. அதில் போகும் தகவல் மறையாக்கம் செய்யப்பட்டது. நடுவழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. பாய்லோ நடுவழிக்கே போகவில்லை. நிர்வாகியின் கணினியில் ஏற்கெனவே திறந்திருக்கும் எஸ்எஸ்ஹெச் ப்ராசஸுக்குள் டீபக்கரைக் கொண்டு நுழைந்தார். அந்த இணைப்பின் உள்ளேயே தனக்கென இன்னொரு வாசலைத் திறந்துகொண்டார்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், கடவுச்சொல் எவ்வளவு கடினமானது என்பதற்கோ, ஒருமுறைக் குறியீடு கேட்கிறதா என்பதற்கோ இங்கே வேலையே இல்லை. அந்தச் சோதனைகள் எல்லாவற்றையும் உரிமையாளர் நேர்மையாக முடித்து உள்ளே போயிருக்கிறார். அவர் திறந்த கதவு வழியாகத்தான் திருடனும் போகிறான். சர்வரின் பதிவேட்டில் புதிதாக ஒரு லாகின்கூட விழாது.

ஆபத்தை உணர்ந்த சில நிரல்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ளத்தான் செய்தன. எஸ்எஸ்ஹெச் சாவிகளை நினைவில் வைத்திருக்கும் ஏஜென்ட் என்ற நிரல், தன்னை யாரும் டீபக் செய்யக்கூடாது என்று கர்னலிடம் முன்கூட்டியே சொல்லிவிடும். ஆனால் அப்படிச் சொல்லத் தெரிந்த நிரல்கள் மிகச் சில. ஒவ்வொரு நிரலையும் தனித்தனியே திருத்திக்கொண்டிருப்பது ஆகிற காரியமில்லை.

அப்போது உபுண்டுவின் பாதுகாப்புக் குழுவில் இருந்த கீஸ் குக் இதற்குப் பொதுவான ஒரு தீர்வை முன்வைத்தார். 2010 அக்டோபரில் வெளிவந்த உபுண்டு 10.10 முதல் இந்தக் கட்டுப்பாடு எல்லோருக்கும் இயல்பாகவே போடப்பட்டது. லினக்ஸ் கர்னலின் பராமரிப்பாளர்கள் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. பிட்ரேஸின் நடத்தையை மாற்றினால் பழைய நிரல்கள் உடையும் என்ற அச்சமும், இதைக் கர்னலில் எந்த இடத்தில் வைப்பது என்ற விவாதமும் நீண்டன. கடைசியில் யாமா என்ற பெயருள்ள தனிப் பாதுகாப்புத் தொகுதியாக, 2012 மே மாதம் வந்த கர்னல் 3.4இல் அது இடம்பெற்றது.

யாமாவின் விதியை உறவுமுறையை வைத்துச் சொன்னால் எளிதில் புரியும். லினக்ஸில் ஒரு ப்ராசஸ் இன்னொன்றைத் தொடங்கினால் முதலாவது தந்தை, இரண்டாவது பிள்ளை. பிள்ளை இன்னொன்றைத் தொடங்கினால் அது பேரன். யாமா இயங்கும்போது ஒரு ப்ராசஸ் தன் பிள்ளைகளையும் பேரன்களையும் மட்டுமே டீபக் செய்யலாம். அண்ணன் தம்பியைத் தொட முடியாது, பிள்ளை தந்தையைத் தொட முடியாது, பங்காளி வீட்டுப் பக்கமே போக முடியாது.

அந்த மாணவருக்கு நடந்ததும் இதுதான். ஒரு டெர்மினலில் நிரலை ஓட்டிவிட்டு இன்னொரு டெர்மினலில் ஜிடிபியைத் தொடங்கினார். இரண்டுக்கும் இடையே தந்தை-பிள்ளை உறவு இல்லை. அவர் ஜிடிபியை முதலில் திறந்து, அதற்குள்ளிருந்தே நிரலைத் தொடங்கியிருந்தால் நிரல் ஜிடிபியின் பிள்ளையாகிவிடும். எந்தத் தடையும் வந்திருக்காது. வகுப்பில் டீபக்கர் பழகும்போது அப்படித்தான் எல்லோரும் தொடங்குகிறோம். அதனால்தான் இந்தக் கட்டுப்பாடு இருப்பதே பலருக்கும் நெடுநாள் தெரிவதில்லை.

கட்டுப்பாட்டின் அளவை ஓர் எண் தீர்மானிக்கிறது. ப்ராக் என்ற அடைவுக்குள் சிஸ், கர்னல், யாமா என்று ஒவ்வொன்றாக இறங்கினால் பிட்ரேஸ்-ஸ்கோப் என்ற கோப்பு இருக்கும். அதற்குள் ஒரே ஓர் இலக்கம். 0 என்றால் பழைய யூனிக்ஸ் விதி, அறைகளுக்குக் கதவில்லாத வீடு. 1 என்றால் நாம் மேலே சொன்ன உறவுமுறை விதி. 2 என்றால் நிர்வாகிக்கு மட்டும். 3 என்றால் யாருக்குமே இல்லை, ரூட்டுக்கும் சேர்த்து. ஒருமுறை 3 என்று வைத்துவிட்டால் கணினியை அணைத்துத் திறக்கும்வரை அதைக் குறைக்க முடியாது. உள்ளே நுழைந்தவன் ரூட் ஆகிவிட்டாலும் எண்ணைக் குறைத்துவிடக்கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். டீபக் செய்யும் தேவையே இல்லாத சர்வர்களுக்கு அது பொருந்தும். படிக்கிற பிள்ளையின் லேப்டாப்புக்கு அல்ல.

கட்டுப்பாடு வந்ததும் உடைந்தவையும் உண்டு. கேடிஈ மேசைத்தளத்தில் ஒரு நிரல் செயலிழந்தால், இன்னொரு நிரல் வந்து அதற்குள் பார்த்து என்ன நடந்தது என்று அறிக்கை எழுதும். ஃபயர்ஃபாக்ஸ், குரோமியம் ப்ரவுசர்களிலும் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. அறிக்கை எழுதும் நிரல் பிள்ளை, செயலிழந்தது தந்தை. யாமாவின் விதிப்படி இது கூடாது. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் மென்பொருளுக்கும் இதே சிக்கல், அதன் ப்ராசஸ்கள் ஒன்றையொன்று தொட்டாக வேண்டும். இவர்களுக்காக ஒரு வழி விட்டிருக்கிறார்கள். "இன்னார் என்னைத் திறந்து பார்க்கலாம்" என்று ஒரு ப்ராசஸ் தானே முன்வந்து கர்னலிடம் அனுமதி எழுதித் தரலாம். கதவை முழுவதும் கழற்றாமல் குறிப்பிட்ட ஒருவருக்கு மட்டும் சாவி கொடுக்கும் இந்த ஏற்பாடு நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

எல்லா லினக்ஸும் இதில் ஒரே முடிவை எடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உபுண்டுவும் ஆர்ச்சும் 1 என்று வைத்துத் தருகின்றன. டெபியன், கர்னலில் யாமா இருந்தும், அதை நெடுங்காலமாக 0 என்றே வைத்திருக்கிறது. ஃபெடோராவிலும் 0தான். எல்ஃப்யூட்டில்ஸ் என்ற கருவித்தொகுப்போடு வரும் ஒரு சிறிய அமைப்புக் கோப்பு அதை 0 ஆக்கிவிடுகிறது. நிரலாளர்களின் கருவிகள் காரணம் தெரியாமல் உடையக்கூடாது என்பது அவர்கள் பக்க வாதம். அதே நேரம் ஃபெடோராவில் எஸ்இலினக்ஸ் என்ற இன்னொரு காவல் இருக்கிறது. பிட்ரேஸை மறுக்கும் விசை அதிலும் உண்டு, ஆனால் அதுவும் இயல்பாக அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது.

நிரலாளர்களின் வாதத்தை நாம் எளிதாக ஒதுக்கிவிடவில்லை. ஒரு நாளைக்கு இருபது முறை டீபக்கரை இணைப்பவருக்கு இது உண்மையான தொல்லைதான். ஆனால் இயல்பாகப் போட்டுத் தரும் அமைப்பு என்பது, அதைப் பற்றி ஒருபோதும் யோசிக்காதவருக்கானது. நிரலாளருக்கு 1ஐ 0 ஆக்கத் தெரியும். வங்கிக் கணக்கைப் பார்க்க மட்டும் லேப்டாப்பைத் திறக்கும் பெரியவருக்கு 0வை 1 ஆக்கத் தெரியாது. அப்படி ஒரு கோப்பு இருப்பதே அவருக்குத் தெரியாது. அந்த வகையில் உபுண்டுவின் முடிவே சரி என்பது நம் கருத்து.

இந்தப் பூட்டை ஒரேயடியாக நம்பிவிடவும் கூடாது. நம் பெயரில் ஓடும் தீய நிரல் ஒன்று, பிட்ரேஸைத் தொடாமலேயே நம் கோப்புகளைப் படிக்கலாம். டெர்மினல் திறக்கும்போது ஓடும் தொடக்கக் கோப்பில் தனக்கு வேண்டிய வரியைச் சேர்த்துவிட்டு, நாம் அடுத்த முறை திறக்கும்வரை காத்திருக்கலாம். பழைய எக்ஸ் திரை அமைப்பில் நாம் தட்டும் விசைகளைக்கூட இன்னொரு நிரல் கவனித்துக்கொண்டிருக்க முடியும். புதிய வேலண்ட் அமைப்பில் அது தடுக்கப்பட்டிருக்கிறது. எனவே "யாமா இருந்து என்ன பயன்?" என்று கேட்பவர்கள் முற்றிலும் தவறாகக் கேட்கவில்லை.

பயன் இதுதான்: நினைவகத்தில் மட்டும் இருக்கும், கோப்பில் எங்கும் இல்லாத இரகசியங்கள் காக்கப்படுகின்றன. அதைவிடப் பெரிய பயன் ஒன்றும் உண்டு. நாம் சூடோ கட்டளைக்கு ஒருமுறை கடவுச்சொல் கொடுத்தால் உபுண்டு வழக்கமாக 15 நிமிடத்துக்கு மறுபடி கேட்காது. அந்த டெர்மினல் அதுவரை நிர்வாகியின் அனுமதிச் சீட்டைக் கையில் வைத்திருக்கிறது என்று பொருள். எண் 0 ஆக இருந்தால், நம் பெயரில் ஓடும் எந்த நிரலும் அந்த டெர்மினலின் ஷெல்லுக்குள் நுழைந்து, அதன் கையாலேயே சூடோவை ஓட்டி, கடவுச்சொல் தெரியாமலேயே ரூட் ஆகிவிடலாம். அதன் பிறகு அந்தக் கணினியில் நமக்கென்று இரகசியம் எதுவும் மிஞ்சாது. எண் 1 ஆக இருந்தால் இந்தக் குறுக்கு வழி அடைபட்டுவிடும்.

அப்படியானால் ஓடிக்கொண்டிருக்கும் நிரலை டீபக் செய்ய வேண்டியவர் என்ன செய்வது? முடிந்தவரை நிரலை டீபக்கருக்குள்ளிருந்தே தொடங்குவது நல்லது. முடியாதபோது அந்த ஒரு முறைக்கு மட்டும் சூடோ போட்டு ஜிடிபியை இணைக்கலாம். டீபக்கருக்கு அப்போது முழு அதிகாரமும் கிடைப்பதால், நமக்குத் தெரிந்த நிரலோடு மட்டும் அப்படிச் செய்வது சரி. நாமே எழுதும் நிரல் என்றால், மேலே சொன்னபடி நிரலே அனுமதி எழுதித் தரும் ஒரு வரியைச் சோதனைக்காகச் சேர்த்து, வெளியிடும்போது எடுத்துவிடலாம்.

அன்று முழுவதும் இதே வேலைதான் என்றால் எண்ணைத் தற்காலிகமாக 0 ஆக்கலாம், அதில் குற்றமில்லை. சிஸ்சிடிஎல் கட்டளையால் மாற்றினால் அது கணினியை மறுபடி திறக்கும்வரைதான் நிற்கும், பிறகு தானாகப் பழைய நிலைக்கு வந்துவிடும். எட்சி அடைவிலுள்ள அமைப்புக் கோப்பில் எழுதும்போதுதான் அது நிரந்தரமாகிறது. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் இந்த இரண்டும் அடுத்தடுத்த வரிகளாக இருக்கும். படிப்பவர் அவசரத்தில் இரண்டையும் நகலெடுத்து ஒட்டிவிடுகிறார்.

டாக்கர் கன்டெய்னர்களுக்குள் வேலை செய்பவர்களுக்கும் இதே சோதனை வருவதுண்டு. கர்னல் 4.8க்கு முந்தையவற்றில் பிட்ரேஸைக் கொண்டு கன்டெய்னரின் வேறொரு காவலையே ஏமாற்ற முடிந்தது. அதனால் டாக்கர் அதை அடியோடு தடுத்து வைத்திருந்தது. டாக்கர் 19.03 முதல், கர்னல் புதியதாக இருந்தால் அந்தத் தடை இல்லை. இன்னமும் தேவைப்பட்டால் பிட்ரேஸுக்கான ஒரு தனி உரிமையை மட்டும் அந்தக் கன்டெய்னருக்குக் கொடுக்கலாம். எல்லா உரிமையையும் அள்ளிக்கொடுக்கும் ப்ரிவிலெஜ்ட் முறையில் ஓட்டச் சொல்லும் குறிப்புகளும் இணையத்தில் நிறைய இருக்கின்றன. டீபக் செய்வதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

நம் மாணவர் நிரந்தரமாக எழுதி வைத்த வரியை அன்றே நீக்கிவிட்டார். லேப்டாப்பை மறுபடி திறந்ததும் கோப்பைப் பார்த்தோம், 1 என்று காட்டியது. பிறகு நிரலை ஓட்டி, அது உறைந்து நின்றதும் சூடோவோடு ஜிடிபியை இணைத்தார். நிரலுக்குள் இரண்டு இழைகள். முதலாவது தன் கையிலுள்ள பூட்டை விடாமல் இரண்டாவதின் பூட்டுக்காகக் காத்திருந்தது, இரண்டாவது முதலாவதின் பூட்டுக்காக. இரண்டும் ஒரே வரிசையில் பூட்டுகளை எடுக்கும்படி மூன்று வரிகளை இடம் மாற்றினார். இப்போது நிற்காமல் ஓடுகிறதாம்.